உறங்கும் பிளவுகள்

நுழையும்முன்

நிலம் அசையாது என்ற நம்பிக்கையில்தான் மனிதன் வீடு கட்டுகிறான். ஆனால், அந்நிலத்தின் அடியில் பழங்காலப் பிளவுகள் மறைந்துள்ளன. அவை மீண்டும் விழித்தெழுவது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காற்று வரும் வழி

ஆடி மாதத்தில் பல்லடத்து விசைத்தறிகளின் ஓசையையும் மீறிக் காற்று இரையும். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் அக்காற்றே சுற்றுவட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள அவ்விடைவெளி, பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த மிகப் பழைய மண்டலத்தில் அமைந்துள்ளது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவில் அது பரவலாக உணரப்பட்டது. புவித்தட்டின் விளிம்பிலிருந்து வெகுதொலைவிலுள்ள இந்நிலம் அதிர்ந்தது எவ்வாறு? குஜராத்தின் கச்சுப் பகுதி இதற்கு விளக்கம் தருகிறது.

பிளவின் பிறப்பு

கண்டம் இருபுறமும் இழுக்கப்படும்போது புவியோடு மெலிந்து பிளக்கிறது. நடுப்பகுதி கீழிறங்கிப் பள்ளத்தாக்காகிறது. ஓரங்கள் உயர்ந்து நிற்கின்றன. இவ்வாறு இழுவிசையால் ஓரங்களில் தோன்றுவது இயல்புப் பிளவு எனப்படும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்நிகழ்வு இன்றும் தொடர்கிறது. பிளவின் இருபுறப் பாறைகளையும் உராய்வு பிணைத்து வைக்கிறது. திரண்டுவரும் விசை உராய்வை வெல்லும் கணத்தில் பாறைகள் நழுவுகின்றன, அதிர்வு பரவுகிறது.

கச்சுப் படுகையும் இவ்வாறே, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் உடையத் தொடங்கிய காலத்தில் உருவாயிற்று. பின்னர் இழுவிசை ஓய்ந்தது. ஆனால் பிளவுகள் ஆறவில்லை. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோதியபின், அதே ஓரப் பிளவுகள் அமுக்கவிசைக்கு உள்ளாயின. முன்பு சரிந்த பாறைகள் இப்போது மேல்நோக்கி ஏறின. இயல்புப் பிளவு எதிர்ப் பிளவாக மாறியது.

இரு சான்றுகள்

1819 ஜூன் 16 அன்று கச்சில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் 80 கி.மீ.க்கும் மேலாக நிலம் கரைபோல் உயர்ந்தது. அதன் தெற்கே நிலம் தாழ்ந்து, சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. மனிதர் கட்டாத அக்கரையை மக்கள் ‘அல்லா பந்து’, அதாவது இறைவனின் அணை என்றழைத்தனர்.

2001 ஜனவரி 26 அன்று பூஜ் அருகே 7.7 அளவுடைய நிலநடுக்கம் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நழுவிய பிளவு நிலத்தின் மேற்பரப்பை எட்டவேயில்லை. கண்ணுக்குத் தெரியும் வெடிப்புகளைக் கொண்டு மட்டும் ஆபத்தை அளவிட இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

பல்லடத்துக்கான பாடம்

பாலக்காட்டு மண்டலம் கச்சைப் போன்ற பிளவுப் படுகை அன்று. எனினும், பழைய வலுக்குறைவில் புதிய விசை சேரும் என்னும் விதி இரண்டுக்கும் பொதுவானது. 2002ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய வரைபடம் கோயம்புத்தூர்ப் பகுதியை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது.

பூஜிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில், தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்கள்மீது மட்டும் நின்ற பல அடுக்குமாடிகள் சரிந்தன. வாகனம் நிறுத்தவும் சரக்கு இறக்கவும் தரைத்தளத்தைத் திறந்துவிடும் கட்டடங்கள் தொழில்நகரங்களில் பெருகிவருகின்றன. தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் நெருக்கமாகக் கட்டப்படும் கம்பி வளையங்களும், தரைத்தளத்தில் எழுப்பப்படும் உறுதியான சுவர்களும் அத்தகைய கட்டடங்களைக் காக்கும்.

நிலநடுக்கம் வரும் நாளை முன்னறிந்து சொல்லும் வழி இன்றில்லை. அந்நாளில் கட்டடம் நிற்குமா, வீழுமா என்பது மட்டும் கட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.