வல்லத்துக்காரர் கண்ட 73

குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. எண் கோட்பாட்டில் உலகம் மதிக்கும் பெயர். 1950-இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். ஐந்தருவிப் பக்கம் வளரும் ஒவ்வொரு மாணவருக்கும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி வாசல் மிதிக்காமலோ, வேறு படிப்பில் இருந்துகொண்டோ பல்கலைக்கழகக் கணிதத்தைத் தானே படிக்க நினைப்பவருக்கு, அவருடைய ஒரு முடிவே வழி காட்டும்.

703 என்ற எண்ணை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது பெரிது. மிஞ்சுவது 64-உம் 1-உம்தான். பத்து 64, அறுபத்து மூன்று 1, ஆக மொத்தம் 73 எண்கள். அதற்குக் குறைத்து எழுத முடியாது. இதுவரை பள்ளிக் கணக்கு. எந்த இயல் எண்ணானாலும் சரி, 73-க்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று 1940-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பிள்ளை நிறுவினார். எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தீராது. எல்லா எண்ணுக்கும் ஒரே வீச்சில் பொருந்தும் காரணம் வேண்டும். அதுதான் நிரூபணம். பல்கலைக்கழகக் கணிதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தானாகப் படிப்பவர்கள் இடறுவதும் அங்கேதான். கும்பகோணத்தில் 1903 வாக்கில் ராமானுஜன் கைக்கு வந்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் உண்டு; நிரூபணங்களோ மிகச் சுருக்கம். எப்பேர்ப்பட்ட மேதை அவர்! ஆனாலும் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில பிழை என்பது, கேம்பிரிட்ஜில் கணித அறிஞர்களான ஹார்டியும் லிட்டில்வுட்டும் பார்த்த பிறகே தெரிந்தது.

ஆகவே, நிரூபணங்கள் முழுமையாக உள்ள, பயிற்சிக் கணக்குகள் நிறைந்த நூலாகத் தேர்ந்தெடுங்கள். நேரியல் இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு இரண்டும் நல்ல தொடக்கம். தேற்றத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நிரூபணத்தைச் சொந்தமாக எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகலாம். இந்தப் படிப்பின் வேகமே அதுதான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் விரிவுரைகளை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அவற்றோடு வரும், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி, நீங்கள் எழுதிய நிரூபணத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லாது.

அதற்கு ஓர் ஆள் வேண்டும். செங்கோட்டைப் பள்ளியில் படிக்கும்போதே தந்தையை இழந்த பிள்ளையை, சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சம்பளத்தில் படிக்க வைத்தார். அவ்வளவு பெரிய உதவிகூட வேண்டாம். பக்கத்துக் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவர் எப்போதாவது நோட்டைப் பார்த்து, ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்டால் போதும். அவரிடம் போகும்போது, சந்தேகமுள்ள ஒரே ஒரு நிரூபணத்தை வரி விடாமல் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.