கண்ணைப் பார்த்தாலே வசியமா? ஹிப்னாடிசம்: நாம் நம்பும் கதைகளும் நிஜமும்

"என் கண்ணையே பார்த்துப் பேசினான்டா. அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியல. வசியம் பண்ணிட்டான்!"

போன வருஷம் என் சித்தி அழுதுகொண்டே சொன்னது இது. மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவரை இரண்டு பேர் வழிமறித்திருக்கிறார்கள். ஒட்ட வெட்டிய முடி, மிடுக்கான நடை. 'போலீஸ்' என்று ஏதோ ஒரு அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். "அடுத்த தெருவுல இப்பத்தான் ஒரு அம்மாவைக் கத்தியால குத்தி நகையைப் பறிச்சிருக்காங்க. நீங்க இப்படிச் செயின் போட்டுக்கிட்டுப் போறீங்களே... கழட்டிப் பையில வைங்கம்மா" என்று பாதி அதட்டல், பாதி அக்கறை. சித்தி ஐந்து பவுன் செயினைக் கழற்ற, அவர்களே அதைப் பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே கூழாங்கல்.

"இத்தனை வருஷம் டீச்சரா இருந்தவ, நீயே கழட்டிக் குடுத்தியா?" என்றார் சித்தப்பா. அந்தக் கேள்விக்குச் சித்தியிடம் இருந்த ஒரே பதில் 'வசியம்'. வீட்டிலும் அதை ஏற்றுக்கொண்டார்கள். விளைவு, யாரும் போலீஸில் புகார் கொடுக்கவில்லை. "வசியம் பண்றவனைப் போலீஸ் எப்படிப் பிடிக்கும்?" என்று விட்டுவிட்டார்கள்.

சித்தியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்தில், வில்லன் ஒரு பார்வை பார்த்ததும் தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவன் சொன்னபடி ஆடுவதை நாம் வாய் பிளந்து பார்த்தவர்கள்தானே? ஆனால், நிஜத்தில் ஹிப்னாடிசம் என்பது என்ன? அது எப்படி வேலை செய்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

காந்தத்தில் தொடங்கிய கதை

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரையே கிறங்கடித்தவர் மருத்துவர் ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர். 'மெஸ்மரிசம்' என்ற சொல் இவர் பெயரிலிருந்து வந்ததுதான். மனித உடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த ஓட்டம் இருக்கிறது, அதைச் சரிசெய்தால் நோய் தீரும் என்றார். அவர் கையை அசைத்ததும் பலர் துடித்தார்கள், மயங்கினார்கள், 'குணமாகிவிட்டது' என்றார்கள்.

1784-ல் மன்னர் பதினாறாம் லூயி இதை விசாரிக்க ஒரு குழு அமைத்தார். வேதியியல் மேதை லவாய்சியர், அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் போன்ற ஜாம்பவான்கள் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் ஒருவர் அங்கிருந்த மரங்களில் ஒன்றுக்கு மட்டும் 'காந்த சக்தி' ஏற்றினார். பிறகு, 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்திலேயே சிறுவன் மயங்கி விழுந்தான். ஆனால், சக்தி ஏற்றப்பட்ட மரமோ தள்ளி வேறு இடத்தில் இருந்தது!

காந்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு தீர்ப்புச் சொன்னது. மெஸ்மரின் மவுசு குறைந்தது. ஆனால், ஒரு கேள்வி மட்டும் பாக்கி நின்றது. வெறும் கற்பனையால் ஒரு பையனைத் தரையில் விழவைக்க முடியும் என்றால், அந்தக் கற்பனை சாதாரணமானதா?

பதில் சொன்ன கோவாக்காரர்

இந்தக் கேள்வியைச் சரியான பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. கோவாவின் கண்டோலிம் கிராமத்தில் 1756-ல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813-ல் பாரிஸில் இது பற்றிப் பேசவும் செய்துகாட்டவும் தொடங்கினார். 'சக்தி என்னிடம் இல்லை. என் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனசுக்குள்தான் இருக்கிறது' என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பணஜிக்குச் சுற்றுலா போனால், ஒரு பெண்ணின் முன் கைகளை நீட்டியபடி நிற்கும் அவருடைய சிலையைப் பார்க்கலாம்.

அதன் பிறகு மான்செஸ்டரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். 'இது தூக்கமே இல்லை, மனம் ஒன்றின் மீது குவிவதுதான்' என்று பின்னாளில் புரிந்துகொண்டு பெயரை மாற்றவும் முயன்றார். ஆனால், ஊர் வாயில் நுழைந்த பெயர் நிலைத்துவிட்டது. இன்று வரை குழப்பத்துக்கும் அதுவே காரணம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பஸ்ஸில் செல்போன் பார்த்தபடி போகிறீர்கள். கண்டக்டர் உங்கள் ஸ்டாப்பின் பெயரைக் கத்துகிறார். காதில் விழவே இல்லை. இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் திடுக்கிட்டு எழுகிறீர்கள். சினிமாவில் கதாநாயகியின் அம்மா சாகிறாள். அது நடிப்பு என்று தெரிந்தும் உங்கள் கண்ணில் தண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கவனம் ஓரிடத்தில் குவிந்து, சுற்றியுள்ளவை மங்கிப்போவது ஒன்று. சொல்லப்படுவதை உடம்பு நிஜம்போலவே எடுத்துக்கொள்வது மற்றொன்று. ஹிப்னாடிசத்தின் அஸ்திவாரம் இவைதாம்.

சிகிச்சை அறையில் ஊசலாடும் கடிகாரமெல்லாம் தேவையில்லை. ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள், மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். மெல்ல உடல் தளர்ந்ததும், 'உங்கள் கை பஞ்சு மாதிரி லேசாகிறது' என்பது போலச் சில யோசனைகளைச் சொல்வார்கள். சிலருக்குக் கை தானாகவே எழும். தூக்குவது அவர்கள்தாம், ஆனால், 'நான் தூக்குகிறேன்' என்ற உணர்வு அவர்களுக்கு இருக்காது.

இது வெறும் நடிப்பா? 1997-ல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், வலிக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்தவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். ஹிப்னாடிச நிலையில் 'வலியின் வேதனை குறைகிறது' என்று சொன்னபோது, வேதனை உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடும் குறைந்தது. 'வேதனை கூடுகிறது' என்றபோது கூடியது. தண்ணீரின் சூடு மட்டும் மாறவே இல்லை.

2016-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 57 பேரின் மூளையைப் பார்த்தார்கள். ஹிப்னாடிசத்துக்கு எளிதில் ஆட்படுகிறவர்களிடம், 'வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?' என்று சதா கண்காணிக்கும் பகுதி அந்த நிலையில் அடங்கியிருந்தது. மனத்தையும் உடலையும் இணைக்கும் பாதை வலுப்பட்டிருந்தது.

பொய்யும் மெய்யும்

'ஹிப்னாடிசம் என்றால் மயக்கம்.' இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் காதில் கேட்கும், பிறகு ஞாபகமும் இருக்கும். 'எழுப்ப ஆளில்லாவிட்டால் அப்படியே கிடந்துவிடுவோமோ' என்ற பயமும் வேண்டாம். சிகிச்சை தருபவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும், நீங்கள் தானாகவே கண் விழிப்பீர்கள். அசதியாக இருந்தால் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எழுவீர்கள்.

'யாரை வேண்டுமானாலும் செய்துவிடலாம்.' முடியாது. இதை அளக்க 1959-லேயே ஸ்டான்ஃபோர்டில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். ஏறத்தாழ 10 முதல் 15 சதவிகிதம் பேர் மிக எளிதில் இந்த நிலைக்குப் போகிறார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர் அசைந்தே கொடுப்பதில்லை. மற்றவர்கள் நடுவில். 25 வருடம் கழித்துச் சோதித்தபோதும் பெரும்பாலும் அவரவர் மதிப்பெண் அதே அளவில்தான் இருந்தது. ஏறக்குறைய இது ஒரு சுபாவம். இதற்கும் 'பலவீனமான மனசு'க்கும் சம்பந்தமில்லை. கதைப் புத்தகத்தில் மூழ்கி அடுப்பில் பாலைப் பொங்கவிடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சுலபமாக வரலாம்.

'மேடையில் செய்கிறார்களே!' கவனித்துப் பாருங்கள். முதலில் கூட்டம் முழுவதையும் கைகோக்கச் சொல்லி, சின்னச் சின்னச் சோதனை வைப்பார்கள். அதில் தேறியவர்களை, அதுவும் ஆசையோடு முன்வருகிறவர்களை மட்டும்தான் மேடைக்கு அழைப்பார்கள். விளக்கு வெளிச்சம், கைதட்டல், 'காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது' என்ற கூச்சம்... மிச்ச வேலையை இவை பார்த்துக்கொள்ளும்.

'மறந்துபோனதை, முன்ஜென்மத்தைக்கூடத் தோண்டி எடுக்கலாம்.' ஆபத்தான நம்பிக்கை இது. 1950-களில் அமெரிக்காவில் ஓர் இல்லத்தரசி, ஹிப்னாடிச நிலையில் தன்னை 19-ம் நூற்றாண்டு அயர்லாந்தில் வாழ்ந்த 'பிரைடி மர்ஃபி' என்று சொல்லிப் பேசினார். நாடே பரபரத்தது. பத்திரிகையாளர்கள் அயர்லாந்தில் தேடியபோது அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கான பதிவு கிடைக்கவில்லை. ஆனால், அந்தப் பெண் சிறுமியாக வளர்ந்த சிகாகோ தெருவில், எதிர்வீட்டில் அதே முதல்பெயர் கொண்ட ஐரிஷ் பெண்மணி இருந்தது தெரியவந்தது. ஹிப்னாடிச நிலையில் கற்பனையும் நினைவும் எளிதில் கலந்துவிடும். அதைவிட மோசம், கலந்ததை 'சத்தியமாக நடந்தது' என்று நம்பவும் வைத்துவிடும்.

அப்படியானால் சித்திக்கு என்ன நடந்தது?

இதற்கு விடை 1965-ல் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. உளவியலாளர்கள் ஆர்னும் இவான்ஸும், ஆழ்ந்த ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களிடம் விஷப்பாம்பைப் பிடிக்கச் சொன்னார்கள், அமிலத்தை உதவியாளர் முகத்தில் வீசச் சொன்னார்கள். (யாருக்கும் காயம்படாதபடி ஏற்பாடு ரகசியமாகச் செய்யப்பட்டிருந்தது.) ஆறு பேரில் ஐந்து பேர் செய்துவிட்டார்கள்!

அவசரப்படாதீர்கள். ஹிப்னாடிசம் செய்யப்படாமல், அப்படி இருப்பதுபோல நடிக்கச் சொல்லப்பட்ட இன்னும் ஆறு பேரிடமும் இதையே கேட்டார்கள். அந்த ஆறு பேருமே செய்தார்கள். ஏன்? 'இது பல்கலைக்கழகம், பெரியவர்கள் சொல்கிறார்கள், தப்பாக எதுவும் நடக்க விடமாட்டார்கள்' என்ற நம்பிக்கை. செய்யவைத்தது வசியம் இல்லை, அதிகாரத்தின் குரல்.

சித்தியிடம் வேலை செய்ததும் அதுதான். 'போலீஸ்' என்ற சொல், 'கத்திக்குத்து' என்ற பயம், யோசிக்க விடாத அவசரம், அப்புறம் கை மாற்றும் வித்தை. பயந்த நேரத்தில் நம் கவனம் சுருங்கிவிடுவதால், பிறகு யோசித்தால் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும். 'ஹிப்னாடிசம் செய்து நகையைப் பறித்தார்கள்' என்று நாம் படிக்கும் செய்திகளில் மறைந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பழைய ஏமாற்று வேலைதான்.

பயன் இருக்கிறதா?

நிச்சயமாக. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், முழு மயக்க மருந்துக்குப் பதிலாக ஹிப்னாடிசத்தோடு உள்ளூர் மரப்பு ஊசியும் லேசான மருந்தும் கொடுத்து, ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் செய்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மார்பக அறுவை சிகிச்சைக்கு வந்த 200 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் முடிவு வெளியானது. சிகிச்சைக்கு முன் 15 நிமிடம் ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு வலி, குமட்டல், அசதி எல்லாமே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. வயிற்றுவலியும் அடிக்கடி கழிவறை ஓட்டமுமாகப் பாடாய்ப்படுத்தும் 'ஐ.பி.எஸ்' பிரச்னையில், மருந்துகளுக்கு நீண்டகாலம் மசியாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் அதிகாரபூர்வ மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.

அதே நேரம், இது சர்வரோக நிவாரணி கிடையாது. புற்றுநோயைக் கரைக்காது, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வைக்காது. மருத்துவத்துக்குத் துணையாக வருவது, அவ்வளவே.

போகும் முன் கவனிக்க:

* மனநல மருத்துவர், பதிவுபெற்ற உளவியல் நிபுணர் போன்ற முறையான தகுதி உள்ளவர்தானா என்று கேளுங்கள். ஹிப்னாடிசம் மட்டுமே தெரிந்தவரிடம் போகாதீர்கள்.

* இல்லாத குரல் கேட்பது, அதீத சந்தேகம் போன்ற தீவிர மனநலப் பிரச்னை உள்ளவர்களுக்கு, மனநல மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் செய்யவே கூடாது.

* 'ஒரே சிட்டிங்கில் குணம்', 'முன்ஜென்ம பாவம் தெரியும்' என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

* தயக்கமாக இருந்தால், தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். 'வேண்டாம்' என்று எந்த நிமிடமும் சொல்லலாம்.

* மனசு சரியில்லை, யாரிடம் போவது என்றே தெரியவில்லையா? அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-க்குப் பேசுங்கள்.

* தெருவில் நகையைக் கழற்றச் சொல்பவர் எந்த அட்டையைக் காட்டினாலும் கழற்றாதீர்கள். பக்கத்தில் இருக்கும் கடைக்குள் போய் 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நான்தான் ஏமாளியா?" என்றார்.

"இல்ல சித்தி. பல்கலைக்கழகத்துல அமிலத்தை வீசினவங்களும் படிச்சவங்கதான். நம்புறது தப்பில்ல. ஏமாத்தினது அவங்க தப்பு."

மறுநாள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுத்துவிட்டு வந்தார். வண்டியின் நிறம், ஒருவன் புருவத்தில் இருந்த தழும்பு என்று அவருக்கு நிறையவே ஞாபகம் இருந்தது. செயின் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இப்போது 'வசியம்' என்று சொல்வதில்லை. "போலீஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, நீயும் ஜாக்கிரதையா இரு" என்றுதான் சொல்கிறார்.