கதவு திறக்குமுன் கண்ணாடி மாளிகை

உள்ளே விட்டுவிட்டார்கள்! பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் சுதந்திர தின மலர்க் கண்காட்சிக்கு முந்தைய ராத்திரி. வெளியே கதவு சாத்தியிருக்கிறது, நான் கண்ணாடி மாளிகைக்குள் நிற்கிறேன். வாருங்கள், நீங்களும் கூடவே வாருங்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையெல்லாம் ரப்பர் குழாய், ஈரக் கோணி, நறுக்கிப் போட்ட ரோஜாக் காம்பு.

முதலில் மூக்கில் ஏறுவது பூ வாசமே இல்லை. நனைந்த மண், தொழு எரு, புது பெயின்ட், யாரோ தூக்குச் சட்டியில் கொண்டுவந்த ஃபில்டர் காபி, எல்லாம் கலந்த ஒரு வாடை. எனக்கு அது பிடித்துப் போயிற்று.

நடு மண்டபத்தில் சாரம் கட்டி நாலைந்து பேர் ஏறியிருக்கிறார்கள். இரும்புச் சட்டத்தில் பச்சை ஃபோம் கட்டிகள், அவற்றில் ரோஜா. காம்பை விரல் நீளம் விட்டுச் சாய்வாக ஒரு வெட்டு, ஒரு குத்து, அடுத்த பூ. 2023 ஆகஸ்டில் இந்த இடத்தில்தான் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா பூவாலேயே எழும்பி நின்றது. 2022இல் கன்னட நடிகர்கள் ராஜ்குமார், அவர் மகன் புனீத் நினைவாக ராஜ்குமாரின் கஜனூர் வீடு. நாம் பார்த்து வியந்த ஒவ்வொரு சுவரும் இப்படி ஒற்றை ஒற்றைப் பூவாகக் குத்திச் சேர்த்ததுதான்! மேலிருந்து "சிவப்பு! சிவப்பு!" என்று சத்தம். கயிற்றில் கூடை ஏறுகிறது. போய்ச் சேர்ந்ததோ ஆரஞ்சு. "கண்ணாடி மாளிகையில வேலை பாக்குற, கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கக் கூடாதா?" என்று மேலிருப்பவர் கேட்க, சாரமே சிரித்துக் குலுங்குகிறது. கூடையை அனுப்பிய பையனும் சேர்ந்து சிரிக்கிறான். வியர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது.

பக்கவாட்டில் ரோஜாக் கட்டுகளைப் பிரிக்கிறார் ஓசூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். அட்டையில் சுற்றிய கட்டுக்கு இருபது காம்பு. சில மொட்டுகளின் தலையில் இன்னும் குட்டி வலைத்தொப்பி! அதை உருவிவிட்டால், அதுவரை இறுகிக் கிடந்த இதழ்கள் மெல்ல விரிகின்றன. எனக்கும் ஒன்றை உருவக் கொடுத்தார், அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை. இந்த ரோஜாவை வளர்க்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் எதற்கு, குளிருக்கா என்று கேட்டேன்.

"குளிரா? மழைக்குக் கண்ணு, மழைக்கு! இதழ்ல தண்ணி நின்னா மறுநாளே சாம்பல் பூசணம்."

அவர் சொன்னபிறகுதான் இந்த ஊரின் சங்கதி விளங்குகிறது. பனி கொட்டும் நாடுகளில் செடிக்குச் சூடு காட்டத்தான் கண்ணாடி வீடு. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூருவில் குளிர்கால இரவுகூட ரோஜாவுக்குச் சுகம்தான். வம்பு பண்ணுவது ஆகஸ்டின் விடாத தூறலும் புழுக்கமும். அதனால் ஓசூரிலும் தொட்டபள்ளாப்பூரிலும் விடிந்தால் முதல் வேலை, பக்கத்துத் திரைகளைச் சுருட்டி உள்ளே தேங்கிய ஆவியை வெளியேற்றுவது. சாரல் சாய்ந்து அடித்தால் ஓடிப்போய் இறக்குவது. மறுபடி சுருட்டுவது. நாள் முழுக்க வானத்தின் மேலேயே ஒரு கண்!

நாம் நிற்கும் கூரைக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்து, தோட்டப் பொறுப்பாளர் ஜான் கேமரன் காலத்தில் எழுந்தது இது. 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். இரும்பு வேலைப்பாடெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தவை. அண்ணாந்து பாருங்கள், அந்த இரும்பு வளைவுகளுக்குக் கீழேதான் தோட்டக்கார மாலி ஒருவர் பீடி கேட்டு, இல்லையென்றதும் வெற்றிலை போட்டுக்கொள்கிறார்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம்: பின்பக்கம். மாதக்கணக்கில் நாற்று விட்டு வளர்த்த பிகோனியா, கோழிக்கொண்டை, செண்டுமல்லித் தொட்டிகள் தள்ளுவண்டியில் வரிசையாக வருகின்றன. தலைமுறைகளாக இந்த ஊர்த் தோட்டங்களைப் பேணிய திகளர் சமூகத்துப் பெரியவர் ஒருவர், நான் தமிழ் பேசியதும் முகம் மலர்ந்து, கன்னடமும் தமிழும் பின்னிய பேச்சில் வித்தை காட்டுகிறார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி எந்த முகம் அழகு என்று பார்க்கிறார். அதை முன்னால் திருப்பி, லேசாகச் சாய்த்து, அண்டையில் ஒரு கல்லை முட்டுக் கொடுக்கிறார். பழுத்த இலையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்கிறார். முன்வரிசை இலைகளைத் தளர்த்திவிட்டதும் தொட்டி விளிம்புகள் மறைந்து, ஒரே பூம்பாய்! நாளைக்கு அதன் முன்னால் செல்ஃபி எடுப்பவர்களுக்கு அந்தக் கல் தெரியவே தெரியாது.

கிளம்பும்போது ஒரு ரகசியம் சொன்னார்கள், உங்களுக்கும் சொல்கிறேன். பத்து நாளைக்கு மேல் நடக்கும் காட்சியில் ரோஜா அத்தனை நாள் தாங்காது. நடுவில் ஒரு ராத்திரி சாரம் மறுபடி ஏறும், பூ முழுக்க மாறும். பூ மாற்றிய மறுநாள், வார நாளாகப் பார்த்து, காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். கூட்டம் குறைவு, பூவும் புதுசு. தூங்காத கண்ணோடு யாராவது மாலி ஓரமாக நின்றால், "அண்ணா, பிரமாதம்!" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.