பயணப் பையில் ஆன்டிபயாடிக் எதற்கு?

வெளிநாடு கிளம்பும்போது காய்ச்சல், தலைவலி மாத்திரைகளோடு ஓர் ஆன்டிபயாடிக் அட்டையையும் பையில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வயிறு கெட்டால் இரண்டு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால், பயணத்தில் குடலுக்குப் பெரிய இடையூறே அந்த அட்டைதான்.

இடம் மாறினால் குடலும் மாறும்

பெருங்குடலில் வாழும் லட்சம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைச் செரிக்கின்றன. நோய்க்கிருமிகள் காலூன்றாமல் தடுக்கின்றன. உணவும் தண்ணீரும் மாறினால் இவற்றின் விகிதம் மாறும். தூக்க நேரம் குழம்பினாலும் அப்படித்தான். அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்குப் பறந்த இருவரின் குடல் பாக்டீரியாக்கள் மாறியதையும், இரண்டு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியதையும் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2014-இல் பதிவுசெய்தது. குடலுக்குத் தானாக மீளும் திறன் உண்டு.

வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது?

பெரும்பாலும் நச்சு சுரக்கும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். அசுத்தமான உணவிலும் தண்ணீரிலும் அது உள்ளே வருகிறது. மருந்து இல்லாமலே 3 முதல் 7 நாட்களில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் தொற்று போன பின்னும் வயிற்று வலியும் உப்பசமும் மாதக்கணக்கில் தொடர்வதுண்டு.

மாத்திரையால் வரும் வினை

நெதர்லாந்திலிருந்து 2012-13-இல் வெளிநாடு சென்ற சுமார் 2,000 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். போகும்போது இல்லாத, முக்கிய ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் திரும்பும்போது 34 சதவீதத்தினரின் குடலில் இருந்தன. தெற்காசியா சென்றவர்களில் இது 75 சதவீதம். பயணத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரை காவல் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட, அதற்கு அடங்காதவை காலியிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றைச் சுமந்து திரும்பியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பிறகும் அவை போகவில்லை, வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவக்கூடும்.

என்ன செய்யலாம்?

* கொதித்து ஆறிய நீர், சுடச்சுட உணவு, உரித்துச் சாப்பிடும் பழங்கள் நல்லவை. ஐஸ் கட்டியையும் சமைக்காத காய்கறிகளையும் தவிருங்கள்.
* ஆன்டிபயாடிக் அட்டைக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கில் முதல் தேவை, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது.
* கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம், குடித்தது தங்காத வாந்தி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.
* இரண்டு வாரம் தாண்டியும் வயிறு சரியாகாவிட்டால், எந்த ஊருக்குப் போனீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.