நவாபின் தோட்டமும் கிண்டி மாளிகையும்

திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்திருக்கும் வாசகர்கள், சேப்பாக்கம் அரண்மனையைக் கண்டிருப்பார்கள். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768 இல் கட்டி முடித்த மாளிகை அது. ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்னும் இரு கட்டடங்களைச் சூழ்ந்து 117 ஏக்கர் வளாகம் இருந்தது.

இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரை, நோயுற்ற மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஜார்ஜ் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். வெண்சாந்துச் சுவர், தூண் வரிசை, தோட்டத்தை நோக்கித் திறக்கும் நெடிய சன்னல் ஆகியவை அக்காலத்து நாட்டுப்புற மாளிகைகளின் அடையாளங்கள். பிரைட்டன் நகரில் அவருக்காக 1815 முதல் 1822 வரை மாற்றிக் கட்டப்பட்ட மாளிகையின் குவிமாடங்களோ, நம் முகலாயக் கலையைத் தழுவியவை!

அதே காலத்தில் சென்னையின் புறத்தேயும் தோட்ட மாளிகைகள் பல எழுந்தன. கிண்டி மாளிகை, சர் தாமஸ் மன்றோ ஆளுநராயிருந்தபோது அரசுடைமையாயிற்று. வெயிலைத் தாங்கத் தடித்த செங்கற் சுவர்களும், உயர்ந்த கூரையும், அகன்ற தாழ்வாரமும் அக்காலத்து வீடுகளில் அமைத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்த்துக் குழைத்துப் பூசி, பளிங்கென மின்னும்வரை தேய்த்தார்கள் நம் கொத்தனார்கள்.

இவ்விரு தோட்டங்களும் பின்னர் என்னவாயின?

1855 இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கம்பெனியார் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனை அரசின் கைக்குப் போயிற்று. வளாகத்தில் அலுவலகங்களும் பிற கட்டடங்களும் பெருகின. 2012 ஜனவரியில் கலச மஹால் தீக்கிரையானது. பின்பு அதனைச் சீரமைத்துவிட்டார்கள். ஆனால் நவாபின் தோட்டத்தைச் சீரமைக்க வழியேது?

கிண்டியிலும் நிலம் பல பணிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டதுண்டு. எனினும் எஞ்சிய காடு 1978 இல் தேசியப் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்பில், மாநகரின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் இன்றும் மேய்கின்றன. எரிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். கூறு போட்ட தோட்டத்தை மீட்பது அரிது என்பதற்கு இவ்விரு இடங்களுமே சான்று.

மாங்காட்டில் மனை வாங்கி வீடெழுப்பும் அன்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். மாமரத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊர் இது. ஆயினும் மதிலிலிருந்து மதில்வரை சிமெண்ட் பூசி, மழைநீர் இறங்க ஒரு சாண் மண்ணும் விடாத வீடுகள் எத்தனை! 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையின் மேற்குப் புறநகர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மேற்கு வெயிலை மறைக்க ஒரு மரம், வாசலில் சிறு தாழ்வாரம், மழைநீருக்கு ஒரு குழி ஆகியவற்றுக்கு 117 ஏக்கர் தேவையில்லை. வீட்டு வரைபடம் போடும் நாளிலேயே அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அந்நிழலில் அமர்வார்கள், இன்ஷா அல்லாஹ்.