கூரைக் கட்டரை எப்போது கழுவுவது?

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் துப்புரவுப் பணிக்குக் குறைவிருக்காது. திரைச்சீலைகள் துவைக்கப்படும், சுவருக்குச் சாயம் பூசப்படும், அலமாரிக்குப் பின்னால் உள்ள ஒட்டடைகூடத் தப்பாது. ஆனால் தலைக்கு மேலே கூரை ஓரத்தில் ஓடும் தகரக் கால்வாயை, நாம் ‘கட்டர்’ என்று சொல்கிறோமே அதனை, எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பினாங்கில் நெடுங்காலமாக வரிசை வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறேன்.

கட்டரை ஆண்டுக்கு எத்தனை முறை சுத்தம் செய்ய வேண்டும்? மேல்நாட்டு வீட்டுப் பராமரிப்பு நூல்கள், வசந்த காலத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை என்று கூறும். அது குளிர்நாட்டுக் கணக்கு, நமக்குப் பொருந்தாது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும். 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பெய்த பேய்மழையை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசியில் வரும் தீபாவளிக்காகக் காத்திருந்தால் மழைக்காலம் பாதி கடந்துவிடும். ஆகவே பெரிய துப்புரவை ஆடி முடிவதற்குள், அதாவது ஆகஸ்டு நடுவிலேயே, செய்துவிடுவது நல்லது. வறட்சியில் உதிர்ந்த சருகுகளை வாரி எடுக்க மார்ச் மாதத்தில் இன்னொரு முறை. மரம் இல்லாத வீட்டுக்கு இவ்விரண்டும் போதும்.

வீட்டருகே அங்சனாவோ தூங்குமூஞ்சி மரமோ இருந்தால் கதை வேறு. தூங்குமூஞ்சியின் இலைகள் மிகச் சிறியவை. கம்பி வலையினூடே நுழைந்து, நனைந்து, சேறாகி, இறங்கு குழாயின் வாயை அடைத்துவிடும். அத்தகைய வீட்டார் மாதம் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

இது குப்பையின் கணக்கு. தேங்கிய நீருக்கு வேறு கணக்கு உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே பிடிக்கும். மிகச் சிறிதளவு நீர் தேங்கினாலும் அதற்குப் போதும். டிங்கிக் காய்ச்சல் நமக்குப் புதிதன்று; 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பதிவான நோய் அது. இரத்தக்கசிவு உண்டாக்கும் கடும் வகை 1962இல் இங்கே தலைகாட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வரிசையில் ஒரு பள்ளி மாணவன் இக்காய்ச்சலால் மருத்துவமனையில் படுத்தபோது, எல்லோரும் பூந்தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். பூச்சிப்புழுக்கள் கிடைத்ததோ பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கட்டரில்.

அதனால் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள், மாடிச் சன்னலிலிருந்து கட்டரைப் பாருங்கள். குப்பையில்லாத கட்டரிலும் நீர் நின்றால், குறை சரிவில் இருக்கிறது. பத்தடி நீளத்துக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். தாங்கும் கொக்கி தளர்ந்து தகரம் நடுவில் தொய்ந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, கொக்கியை மாற்றுங்கள். இணைப்பில் ஒழுகுகிறது என்று பசையை அள்ளி அப்புவார்கள். அந்த மேடே ஓர் அணையாகி நீரைத் தேக்கும்.

இதைவிட மோசமானது பின்கட்டில் இருக்கிறது. அடுக்களையை நீட்டிக் கட்டும்போது, பழைய கூரைக்கும் புதிய துத்தநாகக் கூரைக்கும் இடையே ஒரு பள்ளக் கட்டர் அமைப்பார்கள். கீழிருந்து அது கண்ணில் படாது. அடைத்துக்கொண்டால் நீர் வெளியே வழியாமல் கூரைக்குள் இறங்கும். உட்கூரையில் பழுப்புக் கறை தெரியும்போது மரச்சட்டம் ஊறிப்போயிருக்கும். வீட்டை நீட்டிக் கட்ட நினைப்பவர்கள், இந்தக் கட்டருக்கு ஆள் ஏறிச் செல்ல வழி இருக்கிறதா என்று குத்தகையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கழுவும்போது நீரை வடித்துவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும். பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். முதலில் சருகைக் கையால் அள்ளிப் பையில் போட்டு, பிறகு முரட்டுத் தூரிகையால் பக்கங்களைத் தேய்த்து, அதன்பின் நீர் பாய்ச்ச வேண்டும். சருகோடு நீரைப் பாய்ச்சினால் எல்லாம் குழாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும்.

ஏணி ஏறுவது யார்? பல வீடுகளில் அறுபது கடந்த தந்தையே வெறுங்காலுடன் ஏறுகிறார். கீழே ஏணியைப் பிடிக்க ஆளில்லை. பழைய வரிசை வீடுகளில் மின்கம்பி கூரையோரமாகவே உள்ளே வருகிறது; அலுமினிய ஏணி அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வரிசையில் ஆறு வீட்டார் சேர்ந்து, கூரை வேலை தெரிந்த ஒருவரை ஆகஸ்டிலும் மார்ச்சிலும் அழைக்கிறோம். பூட்டிய வீட்டின் உரிமையாளரும் தம் பங்கை அனுப்பிவிடுகிறார்.