சிறுத்தையா, ஜீப்பா? காடு போறவங்களே உஷார்!

இலங்கையில் கடலோரமாக இரண்டு காடுகள். தென்கிழக்கே யால, வடமேற்கே வில்பத்து. எதுக்குப் போறது?

சிறுத்தையைப் பார்த்தே தீரணும் என்றால் யாலதான். முதல் வட்டாரம் வெறும் 141 சதுர கிலோமீட்டர், சிறுத்தைகளோ ஏராளம். ஆனால் ஒண்ணு தலைகாட்டினால் போதும், ஜீப்புகள் முண்டியடித்துப் பாய்கின்றன. புழுதி, இரைச்சல்... காடா, பஸ் ஸ்டாண்டா? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையில்தான் பயணிகளை வாரிச் சுருட்டியது.

வில்பத்து 1,317 சதுர கிலோமீட்டர். போரால் 1988-ல் பூட்டு, 2003-ல் திறப்பு. 2006-ல் கண்ணிவெடி வெடித்து, பார்க்கப் போனவர்கள் பலி! மீண்டும் பூட்டு. 2010-ல்தான் கதவு திறந்தது. இங்கே மழைநீர் தேங்கும் 'வில்லு'கள் உண்டு, கூட்டம் குறைவு. குதிரைமலை முனையின் செம்மண் மேட்டில் அல்லி அரசாணி ஆண்டதாகக் கதை. சிறுத்தை? கண்ணில் படாமலே திரும்பலாம், சொல்லிட்டோம்.

வறட்சி முற்றினால் செப்டம்பர் வாக்கில் யால முதல் வட்டாரத்தை மூடுவதும் உண்டு. விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.